எண்ணுவதற்கு முன் இடத்தைப் பாருங்கள்: கருப்பைவாய் பயாப்சியில் நோயெதிர்ப்புச் செல்கள்

பயிற்சிக் காலத்தில் ஒரு சிஐஎன் 3 ஸ்லைடைப் (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தில் 1 முதல் 3 வரையான படிகளில் கடைசி) பார்த்துவிட்டு, ‘சிடி8 டி செல்கள் ஏராளம்’ என்று எழுதினேன். கெட்டுப்போன செல்களைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்கள் அவை. என் ஆசிரியை மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தார். “அடித்தளச் சவ்வுக்கு மேலே இருப்பதை மட்டும் எண்ணிச் சொல்லும்மா” என்றார். அந்தப் புலத்தில் மூன்றே மூன்று இருந்தன. மற்றவை எல்லாம் அந்தச் சவ்வுக்குக் கீழே, ஸ்ட்ரோமா என்ற தாங்கு திசுவில், வாசலில் கூடிய கூட்டம் போல நின்றிருந்தன. கெட்டுப்போன செல்கள் இருப்பது மேலே, கருப்பைவாயைப் போர்த்திய படலத்துக்குள். அதனால் மேலே எத்தனை, கீழே எத்தனை என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

முதலில் எச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயம் ஏற்றிய ஸ்லைடு. நோய் பெரும்பாலும் தொடங்குவது உருமாற்ற மண்டலத்தில்தான், அதாவது கருப்பைவாயில் ஒரு வகைப் படலம் இன்னொரு வகையாக மாறும் இடத்தில். ஆனால் அங்கே நோயே இல்லாத பெண்களுக்கும் லிம்போசைட்டுகள் (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) இருக்கும். நாள்பட்ட அழற்சி என்றால் முடிச்சு முடிச்சாகவே இருக்கும். முன்பு பயாப்சி எடுத்த இடமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், புண் ஆறும்போதும் இதே கூட்டம் வரும். அதே துண்டில் இயல்பான படலம் கொஞ்சம் கிடைத்தால் அதைக் குறித்து வையுங்கள். ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

திசு 10% நடுநிலை பார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருந்திருக்க வேண்டும். 4 மைக்ரான் வெட்டு போதும். சாய்வாக வெட்டுப்பட்ட இடத்தில் படலம் பொய்யாகத் தடித்துத் தெரியும், அங்கே எண்ணாதீர்கள். அடுத்து வருபவை ஒவ்வொரு வகைச் செல்லையும் தனியாக நிறமேற்றிக் காட்டும் சாயங்கள்: கொல்லும் டி செல்லுக்கு சிடி8, அடக்கும் டி செல்லுக்கு ஃபாக்ஸ்பி3, லாங்கர்ஹான்ஸ் செல்லுக்கு சிடி1ஏ. சாயம் சரியாக ஏறியதா என்று பார்க்கும் கட்டுப்பாட்டு ஸ்லைடாக சிடி8, ஃபாக்ஸ்பி3 இரண்டுக்கும் டான்சில், சிடி1ஏ-க்குத் தோல்.

சிடி1ஏ ஸ்லைடுக்கு நேரம் கொடுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இயல்பான படலத்தில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் பழுப்பு நிற நட்சத்திரங்களாகத் தெரியும். நீண்ட கைகளை அக்கம்பக்கத்துச் செல்களுக்கு நடுவே நுழைத்து, ஒன்றின் கை இன்னொன்றைத் தொடுகிற அளவுக்குப் பரப்பி நிற்கும். இந்த நோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸின் துண்டைப் பிடித்து டி செல்களிடம் காட்டிக்கொடுப்பது இவற்றின் வேலை. அந்த வைரஸின் ஒரு வகையான ஹெச்பிவி 16 தொற்றிய புண்ணுக்கு ஸ்லைடை மெல்ல நகர்த்துங்கள். பல ஸ்லைடுகளில் நட்சத்திரங்கள் குறையும், மிஞ்சியவற்றின் கைகள் குட்டையாகி உருண்டுபோயிருக்கும். வைரஸின் ஈ7 புரதம் படலச் செல்களின் ஈ-கேதரின் என்ற ஒட்டுப் புரதத்தைக் குறைப்பது இதற்கு ஒரு காரணம். லாங்கர்ஹான்ஸ் செல்கள் படலத்தில் ஒட்டி நிற்பதே அந்த ஈ-கேதரினைப் பிடித்துக்கொண்டுதான். எண்ணும்போது உட்கரு தெரிகிறவற்றை மட்டும் எடுங்கள். துண்டான கைகளை எல்லாம் செல்லாக எண்ணினால் இல்லாத காவலை இருப்பதாக எழுதிவிடுவோம்.

அப்புறம் சிடி8-ஐயும் ஃபாக்ஸ்பி3-ஐயும் அடுத்தடுத்த வெட்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானாகக் கரையும் புண்களில் சிடி8 செல்கள் சவ்வைத் தாண்டி மேலே ஏறியிருப்பதை அதிகம் காணலாம். சிஐஎன் 1-லிருந்து 3, அங்கிருந்து ஊடுருவும் புற்றுநோய் என்று போகப்போக, தாக்குதலை அடக்கும் ஃபாக்ஸ்பி3 செல்கள் பெருகும் போக்கு உண்டு. ஃபாக்ஸ்பி3 உட்கருவில் ஏறும் நிறம். சைட்டோபிளாசத்தில் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். தனி எண்ணிக்கையைவிட சிடி8-க்கும் ஃபாக்ஸ்பி3-க்கும் உள்ள விகிதத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்களுக்கு சிடி68 சாயம், அவற்றில் அடக்கும் வகைக்கு சிடி163. புற்றுநோயில் இவை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். கை பரப்பிய செல்கள் என்பதால் எண்ணுவது சிரமம், பரப்பில் எத்தனை சதவீதம் என்று எழுதுவது எளிது.

டி செல்களின் தாக்குதலுக்குத் தடை போடும் பிடி-எல்1 புரதத்துக்குக் கணக்கே வேறு. நிறமேறிய புற்றுச் செல்கள், லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜ்கள் எல்லாவற்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். இதுதான் சிபிஎஸ் என்ற கூட்டு மதிப்பெண். புற்றுச் செல்கள் குறைந்தது 100 இல்லாத துண்டில் இதைப் போடக்கூடாது. மீண்டும் வந்த அல்லது பரவிய கருப்பைவாய்ப் புற்றுநோயில், அந்தத் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கொடுக்கலாமா என்ற முடிவு இந்த எண்ணைப் பார்த்துத்தான் போகிறது, சிபிஎஸ் 1 என்பதே கோடு. அந்தக் கோட்டுக்கு அருகில் வரும் ஸ்லைடை நான் தனியாக முடிப்பதில்லை, இன்னொருவர் கண்ணும் படட்டும்.

கடைசியாக, ‘ஒரு புலத்துக்கு இத்தனை’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். புலத்தின் அளவு மைக்ரோஸ்கோப்புக்கு மைக்ரோஸ்கோப் மாறும். கண் வைக்கும் ஐபீஸில் புல எண் 22 என்று இருந்தால், 40 மடங்கு லென்ஸில் புலத்தின் விட்டம் 0.55 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 0.24 சதுர மில்லிமீட்டர். அதில் படலமும் ஸ்ட்ரோமாவும் பிடித்திருக்கும் அந்தந்தப் பரப்பால் வகுத்து, சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று படலத்துக்கு ஒன்று, ஸ்ட்ரோமாவுக்கு ஒன்று எழுதுங்கள். சில நாள் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல் அதே புலங்களை மறுபடி எண்ணுங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் சராசரி போட்டுச் சமாளிக்க வேண்டாம். எந்தப் புலத்தில் பிசகியது என்று தேடுங்கள், அநேகமாகச் சவ்வின் கோடு தெளிவாகத் தெரியாத புலமாகத்தான் இருக்கும்.