போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறவர்கள் ஏற்ற இறக்கத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போன் பண்ணினான். கோவாவுக்குப் போய் நாலு டோர்னமென்ட் ஆடியிருக்கிறான், நாலிலும் பரிசு எல்லைக்குள் வரவில்லை. "அண்ணே, எனக்கு நேரமே சரியில்லை, கொஞ்ச நாளைக்குச் சீட்டையே தொடக்கூடாதுன்னு இருக்கேன்" என்றான். நாலு டோர்னமென்ட்டில் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனாய் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது இதுதான். எத்தனை தடவை தோற்பது சாதாரணம் என்று தெரியாமலே மேசையில் உட்கார்ந்துவிடுகிறோம், அப்புறம் ஒவ்வொரு தோல்வியையும் ஜாதகத்தோடு முடிச்சுப் போடுகிறோம்.

பரிசு எப்படிப் பிரிகிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் போதும். 100 பேர் ஆடும் ஒரு டோர்னமென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,000 ரூபாய் பரிசுப் பணத்துக்கு, 100 ரூபாய் நடத்துகிறவருக்கு. ஒரு லட்சம் சேர்கிறது. அதில் முதல் இடத்துக்கு 28,000, அடுத்தவருக்கு 19,000, மூன்றாமவருக்கு 13,000, அப்படியே இறங்கி 12ஆம் இடத்துக்கு 2,250. முதல் மூன்று பேரே 60 சதவீதத்தை அள்ளிக்கொண்டு போகிறார்கள், 88 பேர் வெறுங்கையோடு எழுந்து போகிறார்கள். இப்போது உங்களை மற்றவர்களைவிட நல்ல ஆட்டக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100க்கு 12 தடவை வரவேண்டிய பரிசு உங்களுக்கு 16 தடவை வருகிறது. அப்படியும் தொடர்ந்து 10 டோர்னமென்ட்டில் ஒன்றுமே வராமல் போவதற்கு 17 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. முதலிடம் மற்றவர்களுக்கு 100க்கு ஒரு தடவை, உங்களுக்கு இரண்டு தடவை என்றாலும், 100 டோர்னமென்ட் ஆடி ஒன்றில்கூட முதலிடம் வராமல் போக 13 சதவீத வாய்ப்பு உண்டு. வாரத்துக்கு இரண்டு என்று ஆடினால் அது கிட்டத்தட்ட ஒரு வருஷம். இதில் அந்தத் தம்பியின் நாலு டோர்னமென்ட் எந்த மூலைக்கு?

உலக அளவில் பெரிய டோர்னமென்ட்டும் இதே கணக்குதான். லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட்டில் 2023இல் 10,043 பேர், ஆளுக்கு 10,000 டாலர் கட்டி ஆடினார்கள். பரிசு கிடைத்தது 1,507 பேருக்கு, அதிலும் கடைசிப் படியில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது 15,000 டாலர். முதல் இடத்துக்கு 1 கோடியே 21 லட்சம் டாலர். நாம் படம் பிடித்துப் பகிர்வது அந்த ஒருவரைத்தான். வெறுங்கையோடு போன எட்டாயிரத்து ஐந்நூறு பேரின் முகம் நம் கண்ணில் படுவதே இல்லை.

இதன் மறுபக்கமும் அதே அளவுக்கு ஆபத்து. ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு, தனக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று நினைப்பது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதி ஆட்டம் ஜெயித்து, அந்த வழியாக மெயின் ஈவென்ட்டுக்குள் போய் 839 பேரில் முதலாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அந்தக் கதையைக் கேட்டு மேசைக்கு வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். கதை உண்மை. ஆனால் அதைப் போல ஒன்று உங்களுக்கு நடந்தால் அடுத்த நாளே பத்து மடங்கு பெரிய டோர்னமென்ட்டுக்குப் பணம் கட்டப் போகாதீர்கள். 1,100 ரூபாய் ஆட்டத்தில் 28,000 ஜெயித்தவர், அதை எடுத்துக்கொண்டு 11,000 ரூபாய் ஆட்டத்தில் இரண்டு தடவை உட்கார்ந்தால் முடிந்தது. அங்கே எதிரில் இருப்பவர்கள் வேறு, கையில் இருப்பதோ இரண்டே வாய்ப்பு.

இதற்குத்தான் ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு பணம், பேங்க்ரோல் என்பார்கள், அது வேண்டும் என்று சொல்வது. டோர்னமென்ட் ஆட 100 நுழைவுக் கட்டணமாவது கையில் இருக்க வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்கள் சொல்லும் வழக்கமான அளவு. அதிகமாகத் தெரியும், ஆனால் மேலே உள்ள 13 சதவீதத்தை இன்னொரு தடவை பாருங்கள், ஏன் என்று புரியும். ரீ-என்ட்ரியையும், அதாவது வெளியேறியவர் மறுபடி பணம் கட்டி உள்ளே போவதையும், இதில் சேர்க்க வேண்டும். பலர் அதைக் கணக்கில் எழுதுவதே இல்லை, "5,000 ரூபாய் டோர்னமென்ட் ஆடினேன்" என்பார்கள், கேட்டால் மூன்று தடவை உள்ளே போயிருப்பார்கள். அது 15,000 ரூபாய் டோர்னமென்ட்.

ரீ-என்ட்ரி எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வெளியே வந்த பத்தாவது நொடியில், நெஞ்சு படபடக்க, "விட்டதைப் பிடிக்கணும்" என்று எடுப்பதுதான் தப்பு. எத்தனை தடவை என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள், அதற்குமேல் ஒரு ரூபாய்கூடப் பையில் வேண்டாம். பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் நுழைவுக் கட்டணத்திலேயே சாப்பாடும் குடியும் சேர்ந்திருக்கும், டோர்னமென்ட்டில் வெளியேறி நாலடி நடந்தால் ரூலெட் மேசை, இன்னும் நாலடியில் அந்தர் பாஹர் என்ற சீட்டுச் சூதாட்டம். அங்கே நிற்கிறவர்களில் கொஞ்சப் பேர் கழுத்தில் டோர்னமென்ட் பட்டை இன்னும் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் ஒவ்வொரு சிப்பையும், பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லையை, எண்ணி எண்ணி ஆடியவர், பத்து நிமிஷத்தில் மூன்று டோர்னமென்ட்டுக்கான பணத்தை அங்கே வைத்துவிட்டுப் போவார்.

கடன் வாங்கி ஆடக்கூடாது என்பதை நீட்டி விளக்க எனக்கு மனசில்லை. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தியை நம் ஊரில் எத்தனை படித்துவிட்டோம், அதற்காகவே 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. வாடகைப் பணம், பிள்ளை பீஸ், கிரெடிட் கார்டு, நண்பனிடம் கைமாற்று, எதுவும் வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதம் அதில் எடுபடாது. ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் குறுக்குவழியில் ஆடலாம் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள், ஜெயித்த பணத்தை அவர்கள் தராவிட்டால் நீங்கள் போய்க் கேட்க ஓர் இடம் கிடையாது.

சரி, மேசைக்கு வருவோம்.

சிப் என்பது பணம் இல்லை. இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. மேலே சொன்ன உதாரணத்தையே எடுங்கள்: கடைசியில் ஜெயிக்கிறவர் கையில் மேசையில் உள்ள மொத்தச் சிப்பும் இருக்கும், ஆனால் அவருக்குக் கிடைப்பது மொத்தப் பணத்தில் 28 சதவீதம்தான். அதாவது சிப் சேரச் சேர ஒவ்வொரு சிப்பின் மதிப்பும் குறைந்துகொண்டே போகிறது. உங்கள் சிப் இரட்டிப்பானால் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய பரிசு இரட்டிப்பாகாது, ஆனால் சிப் முழுக்கப் போனால் முழுவதும் போய்விடும். பரிசு எல்லையை நெருங்க நெருங்க, பபுள் என்கிறோமே, அங்கே இந்த வித்தியாசம் உச்சத்துக்குப் போகும்.

நானே ஒரு தடவை 13 பேர் மிச்சம் இருக்கும்போது, 12 பேருக்குத்தான் பரிசு, இரண்டாவது பெரிய ஸ்டாக்கோடு, அதாவது சிப் குவியலோடு, உட்கார்ந்திருந்தேன். என்னைவிடப் பெரிய ஸ்டாக் வைத்திருந்தவர் ஆல்-இன் போட்டார், கையில் இருந்த சிப் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். என் கையில் ஏஸ்-கிங். அடுத்த மேசையில் ஒருவர் இரண்டே பிளைண்டுக்கான (முறை வரும்போது கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம்) சிப்போடு, அதைக் கையால் மூடிக்கொண்டு, வந்த சீட்டையெல்லாம் ஃபோல்ட் செய்து, அதாவது ஆடாமல் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் பார்க்கவும் செய்தேன். ஆனாலும் கால் சொன்னேன், அவர் பந்தயத்துக்கு ஈடாக என் சிப்பை வைத்தேன். எதிரில் ஜோடி ஒன்பது. பூவா தலையா மாதிரி ஆட்டம், மேசையில் விரிக்கும் பொதுச் சீட்டுகளான ஃப்ளாப், டர்ன், ரிவர் எதிலும் எனக்கு ஒன்றும் விழவில்லை. ஏஸ்-கிங் நல்ல கைதான், வேறு எந்த நேரத்திலும் கால் சொல்லலாம். ஆனால் என்னை வெளியேற்றக்கூடிய ஒரே ஆளோடு, இன்னும் ஐந்து நிமிஷத்தில் இன்னொருவர் வெளியேறப் போகிறார் என்று தெரிந்திருந்தும் பூவா தலையா ஆடியது தப்பு. நான் எழுந்ததும் அந்த இரண்டு பிளைண்ட் ஆள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்கு 2,250.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஃபோல்ட் செய்துகொண்டே போய்க் கடைசிப் பரிசைத் தொடுவதும் வழி இல்லை. அப்படி 12ஆம் இடம் வாங்கி வாங்கி யாரும் லாபம் பார்த்ததில்லை, கட்டிய பணத்தில் இரு மடங்குதான் அது. தொடக்கத்தில் 20,000 சிப், பெரிய பிளைண்ட் 200 என்றால் உங்களிடம் 100 பிளைண்ட் இருக்கிறது. நாலைந்து மணி நேரத்தில் பிளைண்ட் 2,000 ஆகும்போது அதே 20,000 வெறும் 10 பிளைண்ட், ஒரு சிப்கூட இழக்காமலே ஏழையாகிவிட்டீர்கள். ஜோடி ஏஸ் வரட்டும் என்று காத்திருந்தால் அது சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். நேரடி மேசையில் மணிக்கு 25, 30 கைதான் போடுவார்கள். கணக்குப் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று! 10 பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால் ஆல்-இன் அல்லது ஃபோல்ட், நடுவில் வேறு வழியைத் தேட வேண்டாம். இரண்டரை பிளைண்டுக்குப் பந்தயத்தை ஏற்றிவிட்டு, எதிரி ஆல்-இன் போட்டதும் பயந்து கையை விட்டுவிடுவது, ஸ்டாக்கில் கால்வாசியைத் தூக்கிக் குப்பையில் போடுவதுதான்.

அப்புறம் இந்தப் புலம்பல். ஜோடி ஏஸை ஜோடி கிங் உடைத்தது என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜோடி ஏஸ் அங்கே ஏறத்தாழ 82 சதவீதம்தான் ஜெயிக்கும். ஒரு டோர்னமென்ட்டில் ஐந்து தடவை ஆல்-இன் போடுகிறீர்கள், ஐந்திலும் 80 சதவீதம் உங்கள் பக்கம் என்றாலும் ஐந்தையும் தாண்டுவது மூன்றில் ஒரு தடவைதான். நல்ல கையோடு வெளியேறுவது இந்த ஆட்டத்தின் அன்றாடம். அந்தக் கையைப் பற்றிப் பேசி ஒன்றும் கற்க முடியாது. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் 3,000 சிப்பை எங்கே, ஏன் கொடுத்தோம் என்பதைத்தான் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு நோட்டு இருக்கிறது, தேதி, கட்டியது, எத்தனை பேர், எந்த இடம், வந்த பணம், கடைசிக் கட்டத்தில் சந்தேகமான இரண்டு கை. ஆறு மாதம் எழுதியபிறகு, சின்ன பிளைண்ட் வைக்கும் இடத்தில் இருந்து வீணாகக் கால் சொல்வதுதான் என் பெரிய ஓட்டை என்று தெரிந்தது.

அந்த நோட்டில் வரியையும் எழுதுங்கள். சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு இங்கே 30 சதவீதம் வரி, 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள், தோற்ற டோர்னமென்ட்டுகளுக்குக் கட்டிய பணத்தைக் கழித்துக் காட்டவும் முடியாது. வருஷத்தில் 1,10,000 கட்டி 1,40,000 பரிசாக எடுத்த ஒருவர் 30,000 லாபம் என்று சந்தோஷப்படுவார். வரி 42,000. அவர் உண்மையில் 12,000 நஷ்டத்தில் இருக்கிறார்.

கடைசியாக, பலர் யோசித்தே பார்க்காத ஓர் இடம்: இறுதி மேசையில் பரிசைப் பேசிப் பிரித்துக்கொள்வது. விடியற்காலை நாலு மணி, இரண்டு பேர்தான் மிச்சம், எல்லோருக்கும் தூக்கம். பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர், "சிப் கணக்குப்படி பிரிச்சுக்கலாமா?" என்பார். நியாயமாகத்தான் கேட்கும். மிச்சப் பரிசு 28,000மும் 19,000மும், சேர்த்து 47,000. சிப் 90க்கு 10 என்று இருந்தால் அவர் சொல்வதன்படி அவருக்கு 42,300, உங்களுக்கு 4,700. ஆனால் இரண்டாவது இடத்துக்கான 19,000 உங்களுக்கு ஏற்கெனவே உறுதி, அவரால் ஜெயித்தாலும் 28,000க்கு மேல் வாங்க முடியாது. சரியான வழி, இருவரும் முதலில் 19,000 எடுத்துக்கொண்டு, மீதி 9,000ஐ மட்டும் சிப் கணக்கில் பிரிப்பது. அவருக்கு 27,100, உங்களுக்கு 19,900. ஒரு சின்னப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே அந்த 4,700க்குத் தலையாட்டப் போனான், பக்கத்தில் நின்ற டீலர் பெண்தான் ஒரு பேப்பரை இழுத்துக் கணக்கை எழுதிக் காட்டினார்.