கீழ்ப்பழனி மலையில் கென்யா பாணியில் காபிக் கொட்டை தயாரிப்பது எப்படி

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஓரிரண்டு ஏக்கர் காபி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் நல்ல காபி விளைவிக்கிறவர்களில் பலருக்கு நம்மைவிடக் குறைவான நிலம்தான். அவர்களுடைய தோட்டங்கள் பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கின்றன, எஸ்எல்28 மாதிரி ரகங்கள் அங்கே உண்டு, அதையெல்லாம் நாம் இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் ருசியில் பெரும்பங்கு பறிப்பிலும் காயவைப்பதிலும் இருக்கிறது, அது நம் கையில்தான் இருக்கிறது. செலக்‌ஷன் 9 ரகம் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்து பார்க்க வேண்டும், அதன் ஒரு பக்கத்து வம்சமே எத்தியோப்பியாவின் தஃபாரிகேலா ரகம்தான்.

முதல் வேலை பறிப்பு. கிளையை அப்படியே உருவக் கூடாது. நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். கூலி கூடும்தான், ஆனால் பாதிப் பச்சைக்காய் கலந்த காபியை எந்த வித்தையாலும் நல்ல காபி ஆக்க முடியாது. பறித்ததைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அரித்துத் தனியே எடுத்துவிடுங்கள். பூச்சி துளைத்ததும் சொத்தையும் அதில் போய்விடும்.

அன்று சாயங்காலமே பல்பரில் தோலை நீக்கிவிட வேண்டும், பழத்தை ராத்திரி மூட்டையில் வைத்தால் புளித்த வாடை ஏறிவிடும். கென்யாவில் விவசாயிகள் பழத்தைத் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பல்ப்பிங் நிலையத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இங்கே நாலு வீடு சேர்ந்து ஒரு கைப்பல்பர் வாங்கினால் போதும்.

தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் ஊறவிடுங்கள். நம் ஊர்க் குளிருக்கு ஒரு நாள், ஒன்றரை நாள்கூட ஆகும், கடிகாரத்தை நம்பாமல் கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் வழவழப்பு போய், சரளைக்கல் மாதிரி சரசரவென்று கேட்க வேண்டும். அப்புறம் மூன்று நாலு தண்ணீரில் அலசி, சுத்தமான தண்ணீரில் மறுபடி ஓர் இரவு ஊறப்போடுங்கள், கென்யாவில் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். கழிவுத் தண்ணீரை மட்டும் ஓடையில் விட்டுவிடாதீர்கள், கீழே அதைக் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன. ஒரு குழிக்குத் திருப்பிவிட்டு, தோலை மக்கவைத்தால் வாழைக்கு நல்ல உரம்.

இனி காயவைப்பது. பாதிக் காபி இங்கேதான் கெடுகிறது. களத்தில் போடாதீர்கள், இடுப்பு உயரத்தில் மூங்கில் கட்டிக் கம்பிவலையும் அதன்மேல் நிழல்வலையும் விரித்தால் காற்று கீழேயிருந்தும் ஏறும். முதல் இரண்டு நாள் ஓர் அங்குலத்துக்கும் குறைவாகப் பரப்பி, அடிக்கடி துழாவிக்கொண்டே, கருத்ததையும் உடைந்ததையும் கையோடு பொறுக்கிவிடுங்கள். உச்சி வெயிலில் மூடிவைக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டையை மூடியிருக்கிற மெல்லிய பார்ச்மென்ட் ஓடு வெடித்துக் கொட்டை சீரில்லாமல் காயும். நமக்கு வடகிழக்குப் பருவமழையும் பறிப்பும் ஒரே சமயத்தில் வருவதால், மேலே வளைவு கட்டி பாலிதீன் போட்டுப் பக்கங்களைத் திறந்தே வையுங்கள், ஈரக் கொட்டையின்மேல் பாலிதீன் படவே கூடாது, வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். மெதுவாகக் காயட்டும், இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வந்ததும் எடுத்துவிடலாம், மீட்டர் இல்லாதவர்கள் வைத்திருப்பவரிடம் ஒரு கிண்ணம் கொண்டுபோய் அளந்துகொள்ளுங்கள்.

ஓடு நீக்காமலேயே சாக்கில் கட்டிப் பலகைமேல் அடுக்குங்கள். மிளகு, மலைப்பூண்டு இருக்கிற அறை வேண்டாம், காபி எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு ஓடு நீக்கிய, வறுக்காத பச்சைக் கொட்டை 1 கிலோதான் தேறும், அதைக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள். ஒவ்வொரு பறிப்பையும் தனி மூட்டையாக வைத்துத் தேதி எழுதுங்கள், வாங்குகிறவர் வறுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு அதே மூட்டையைத்தான் கேட்பார்.