நாற்பதில் லே-ஆஃப்: முதலில் காகிதம், அப்புறம் காசு, அதன் பிறகே ரெஸ்யூமே

"இன்னைக்கே பேப்பர் போட்டுடுங்க, ரெண்டு மாச சம்பளம் தர்றோம், ரெக்கார்டும் சுத்தமா இருக்கும்." எச்.ஆர். இப்படிச் சொன்னால் அந்த அறையிலேயே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்களாக விலகியதாகவே கணக்கு. ஆட்குறைப்புக்குச் சட்டம் தரும் இழப்பீட்டைக் கேட்கும் வழி பெரும்பாலும் அத்தோடு அடைபட்டுவிடும். "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன் மேடம், விவரத்தை மெயில்ல அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். குரலை உயர்த்த வேண்டாம். வாயால் சொன்னது எதுவும் நாளைக்கு நிற்காது, மெயிலில் வந்தது நிற்கும்.

சட்டத்தில் இரண்டு பிடிமானங்கள் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அடுத்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. ஓராண்டுத் தொடர் பணி முடித்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். இதிலும் மேலாளர்கள் வரமாட்டார்கள்; 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் 'லீட்', 'மேனேஜர்' என்று இருப்பதாலேயே ஒருவர் மேலாளர் ஆகிவிடுவதில்லை, செய்த வேலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது.

இருந்தாலும், நாற்பதைத் தொட்ட பெரும்பாலானவர்களுக்கு வழக்கைவிட பேரமே லாபம். நாமே கேட்காவிட்டால் தானாக வராதவை இவை: கூடுதலாக ஒரு மாதச் சம்பளம், குடும்ப மருத்துவக் காப்பீட்டைச் சில மாதம் நீட்டிப்பது, ரிலீவிங் லெட்டரில் வரும் வாசகம், கடைசி நாளைத் தள்ளிப்போடுவது. கடைசியாகச் சொன்னதை யாரும் யோசிப்பதில்லை. கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்கத் தேவையான ஐந்தாண்டு நிறைய மூன்று வாரம் இருக்கிறது, போனஸ் போடும் தேதிக்குப் பத்து நாள் இருக்கிறது, கம்பெனி ஷேர் கைக்கு வர ஒரு மாதம் இருக்கிறது என்றால், ஒரு மாதச் சம்பளத்தைவிட அந்தத் தேதிக்கு மதிப்பு அதிகம்.

லாகின் மூடும் முன்

சில அலுவலகங்களில் மீட்டிங் முடிந்து இருக்கைக்குத் திரும்புவதற்குள் லாகின் போய்விடும். ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே கடைசி 12 மாத பே-ஸ்லிப், மூன்று ஆண்டு ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர், இன்கிரிமென்ட் லெட்டர்கள், மீதி லீவ் காட்டும் பக்கம், குரூப் இன்ஷூரன்ஸ் பாலிசி எண் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு எடுத்து வையுங்கள். உங்கள் ஆவணங்களை மட்டும். புரோகிராம் கோடு, கிளையன்ட் டாக்குமென்ட், பிரசன்டேஷன் எதையாவது அனுப்பினால் கண்காணிப்பு மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். தர ஒப்புக்கொண்ட பணத்தையே நிறுத்தக் காரணம் கிடைத்துவிடும்.

கம்பெனி கொடுத்த சிம் கார்டுதான் ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பதிவாகியிருக்கிறதா? திருப்பிக் கொடுக்கும் முன் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள், அல்லது சொந்த எண்ணைப் பதிந்துவிடுங்கள். ஓ.டி.பி. வராமல் பி.எஃப். முடங்குவது அடிக்கடி நடக்கிறது. சேலரி அக்கவுன்டும் அப்படித்தான். சில மாதம் சம்பளம் வரவில்லை என்றால் சாதாரணக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் பிடித்தம் போடும். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. அதே கணக்கிலிருந்து போனால் அந்தப் பிடித்தத்தாலேயே இ.எம்.ஐ. திரும்பும்.

கணக்கை நீங்களே போடுங்கள்

ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் தாளில் தவறு வருவது அபூர்வமல்ல, கிராஜுவிட்டியில்தான் அதிகம். சூத்திரம் இது: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் × 15 ÷ 26 × சேவை ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அடுத்த ஆண்டாக முழுமையாக்க வேண்டும். அடிப்படை 60,000, சேவை 11 ஆண்டு 7 மாதம் என்றால் 12 ஆண்டாகக் கொண்டு 4,15,385 ரூபாய் வர வேண்டும். 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்தால் 3,60,000 ஆகிவிடும். 11 ஆண்டு என்று போட்டால் 3,80,769. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்திருந்த நிறுவனம் என்றால் இதைக் கேளுங்கள். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எச்.ஆர். "ஐந்து வருஷம் ஆகலையே" என்றால் இதை எழுத்தில் சுட்டுங்கள்.

ஊதியப் பாக்கி இரண்டு வேலை நாளுக்குள், கிராஜுவிட்டி 30 நாளுக்குள் வர வேண்டும். நடைமுறையில் "45 நாள் ஆகும் சார்" என்பார்கள். 30 நாள் கழித்து ஒரு நினைவூட்டல் மெயில் போதும், பல இடங்களில் அதிலேயே நகர்ந்துவிடும்.

பி.எஃப். பணத்தில் கை வைக்க அவசரப்படாதீர்கள். ஐந்தாண்டு தொடர் சேவை ஆகாமல் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. பழைய கணக்குகளை ஒரே யு.ஏ.என்.-க்கு (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) மாற்றியிருந்தால் அந்த ஆண்டுகளும் சேரும். 2025 அக்டோபரில் அறிவித்த மாற்றத்தின்படி வேலை போனதும் 75 சதவீதம் வரை எடுக்கலாம், மீதிக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷனுக்குப் பத்தாண்டுச் சேவை தேவை என்பதால், எட்டு ஒன்பது ஆண்டில் நிற்பவர் பென்ஷன் பகுதியைத் தொடாமலிருப்பதே நல்லது.

கையில் எத்தனை மாதம்?

ஒரு தாளில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்றில் மாதா மாதம் போவது: இ.எம்.ஐ. அல்லது வாடகை, மெயின்டனன்ஸ், மளிகை, அப்பா அம்மா மருந்து. இன்னொன்றில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வந்து அடிப்பது: ஜூன் ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்ஷூரன்ஸ், சொத்து வரி, தீபாவளி. இரண்டாவதை விட்டுவிட்டுத்தான் "எட்டு மாசம் ஓட்டிடலாம்" என்று தப்புக் கணக்குப் போடுகிறோம். ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவோடு சேர்த்து, உடனே எடுக்கக்கூடிய பணத்தை அதனால் வகுத்தால் வரும் எண்தான் உங்கள் கெடு. மனைவிக்கோ கணவருக்கோ அந்த எண் அன்றைக்கே தெரிய வேண்டும். தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பி மெரினாவில் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அது ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது, போகும் நம்பிக்கை வேலையைவிடப் பெரிது.

மொத்தமாக வந்த பணத்தில் வீட்டுக் கடனை அடைக்காதீர்கள். அடைத்த பணத்தை வங்கி திருப்பித் தராது, அடுத்த மாத இ.எம்.ஐ.யையோ கேட்கும். ஒரு தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்க் கடன் காலத்தை நீட்டக் கேட்டால் மரியாதையாகப் பேசுவார்கள், தவறிய பிறகு தொனியே வேறு. நெருக்கடி வந்தால் கிரெடிட் கார்டில் சுழற்றுவதைவிட வங்கியில் நகையை வைப்பது எவ்வளவோ மேல். கார்டு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தையே தொடும். மறைமலை நகர்ப் பக்கம் மனை, மச்சானோடு கூட்டாகப் பிரியாணிக் கடை, டீக்கடை ஃபிரான்சைஸ் எல்லாம் இந்த மாதத்தில்தான் தேடி வரும். அடுத்த வேலை வரும் வரை வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் ஏற்கெனவே இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழியும். கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பியுங்கள். சர்க்கரை, பி.பி. இருப்பவர் அதை மறைத்துப் புதுப் பாலிசி எடுத்தால் கிளெய்ம் நேரத்தில் மாட்டிக்கொள்வார்.

தேடும் முறை

உங்களிடம் ஒரு சீட்டு இருக்கிறது: உடனே சேரலாம். சென்னையில் வேலையில் இருப்பவர்களுக்கு 60, 90 நாள் நோட்டீஸ். ஆள் அவசரமாகத் தேவைப்படும் இடங்களில் ரெக்ரூட்டர் முதலில் போடும் வடிகட்டியே '15 நாளுக்குள் சேர்பவர்' என்பதுதான். நௌக்ரி வேலைத் தளத்தில் நோட்டீஸ் பீரியடை மாற்றி, கடைசி வேலை நாளைப் போடுங்கள். தினமும் காலையில் ஒரு வரியாவது திருத்திச் சேமித்தால் புரொஃபைல் தேடலில் மேலே நிற்கும். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம்.

ஆனால் பதினைந்து ஆண்டு அனுபவக்காரருக்கு வேலை வருவது பெரும்பாலும் கூட வேலை பார்த்தவர்கள் வழியாக. பழைய மேனேஜர்கள், டீம் ஆட்கள், கிளையன்ட் பக்கம், வெண்டர்கள் என்று நாற்பது பெயர் எழுதுங்கள். "எனி ஓப்பனிங்ஸ்?" என்று நாற்பது பேருக்கும் ரெஸ்யூமேயை ஃபார்வர்ட் செய்தால் நாற்பது தம்ஸ்-அப் வரும், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனியாக: "சார் வணக்கம். நம்ம பேங்கிங் மைக்ரேஷன்ல டெஸ்டிங் டீம் பார்த்தேனே, ஞாபகம் இருக்கும். போன வாரம் எங்க யூனிட்டை மூடிட்டாங்க. உங்க கம்பெனியில டெஸ்ட் மேனேஜர் எடுக்கறதா பார்த்தேன். யார் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சா போதும் சார், நானே பேசிக்கறேன்." வேலை கேட்டால் சங்கடப்படுவார், பெயர் கேட்டால் தருவார்.

ரெஸ்யூமே இரண்டு பக்கம். 2008-இல் செய்த ப்ராஜெக்டுக்கு ஒரு வரி போதும், கடைசி ஐந்தாண்டுக்கு முக்கால் பக்கம். 'ஏன் விட்டீங்க?' என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியம்: "யூனிட்டை மூடினாங்க, எங்க டீமே வெளிய வந்துட்டோம். கடைசி நாள் 28, நாளைக்கே சேரலாம்." அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பழைய கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தால் அடுத்த கேள்வி உங்களைப் பற்றி வரும்.

தேதிகளில் கை வைக்காதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கே சரிபார்ப்பவருக்கு எல்லாம் சொல்லிவிடும். போலி அனுபவச் சான்றிதழ், 'பேக்டோர்' வேலை என்று லட்சக் கணக்கில் கேட்கும் கன்சல்டன்சிகளுக்கு இங்கே பஞ்சமில்லை; நல்ல நிறுவனமோ அதன் ரெக்ரூட்டரோ வேட்பாளரிடம் காசு கேட்பதில்லை. இ.எம்.ஐ. போட்டு இரண்டு லட்ச ரூபாய் ஏ.ஐ. கோர்ஸும் இப்போது தேவையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தூக்கம் கெட்டு, மனசு தொடர்ந்து கனத்தால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஆஃபர் வந்தால் சி.டி.சி.யை (உங்களுக்காக ஆகும் மொத்தச் செலவு என்று நிறுவனம் காட்டும் தொகை) பார்க்காதீர்கள், மாதம் கையில் வருவதைக் கேளுங்கள். வேரியபிள், கிராஜுவிட்டி, நிறுவனம் கட்டும் பி.எஃப். எல்லாம் சி.டி.சி.க்குள் ஒளிந்திருக்கும். காண்ட்ராக்ட் வேலை என்றால் யார் பேரோலில், எத்தனை மாதம், நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். சிறுசேரியில் வீடு, அம்பத்தூரில் ஆபீஸ் என்றால் மெட்ரோ பள்ளங்களைத் தாண்டிப் போய்வரும் நேரத்தையும் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள். முதலில் எழுதிய கெடுவில் நான்கு மாதம் மீதி இருந்தால் 20 சதவீதக் குறைவுக்கு 'யோசிக்கிறேன்' என்று சொல்லலாம், ஒரு மாதம்தான் என்றால் சேர்ந்துவிட்டுத் தேடுங்கள்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே, அதே நிதியாண்டில் பழைய நிறுவனம் தந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாகப் புதிய வரி முறையின் 75,000 ரூபாய் நிலைக் கழிவும் (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) வரியில்லா அடிப்படை வரம்பும் கொடுத்துவிட, ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பாக்கி வரி வட்டியோடு வந்து நிற்கும். பழைய நிறுவனம் யு.ஏ.என்.-இல் விலகிய தேதியைப் போடவில்லை என்றால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். அந்தத் தேதி ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய பி.எஃப்.-ஐப் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள்.