முதல் வெல்டிங் மிஷின் வாங்கும் முன்: இரும்பை அளந்து, பிளக்கைப் பாருங்கள்

வீட்டுக்கு ஒரு வெல்டிங் மிஷின் வாங்க நினைப்பவர்கள் கடையில் போய் முதலில் கேட்பது, "200 ஆம்பியர் போதுமா, 250 வாங்கணுமா?" என்றுதான். கடைக்காரர் 250 என்பார். ஆயிரம் ரூபாய்தானே கூட என்று நாமும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். அப்புறம் வீட்டில் அந்தக் குமிழை 100ஐத் தாண்டித் திருப்பும் வேலையே வராது. கையில் 12,000 ரூபாய் இருக்கிறது, கேட்டுக் கீல், மாடிக் கைப்பிடி, செடித்தொட்டி ஸ்டாண்டு, வண்டிக்கு ஒரு கேரியர், முடிந்தால் பழைய காரில் சில வேலைகள் என்று யோசிப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் இரும்பை அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அடுத்த ஒரு வருடத்தில் உண்மையாகவே செய்யப் போகும் வேலைகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தகட்டின் கனத்தைக் குறியுங்கள். இரும்புக் கடையில் ஸ்கொயர் டியூப் வாங்கும்போது 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் 1.6, 14 கேஜ் என்றால் 2. எல் ஆங்கிளும் பட்டையும் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர். கார் கதவு, ஃபெண்டர், தரைத்தகடு எல்லாம் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான்.

இந்தப் பட்டியலில் 1.6 முதல் 5 வரை உள்ள வேலைகளே அதிகம் என்றால் உங்களுக்குத் தேவையானது சாதாரண ராடு மிஷின், அதாவது பூச்சுள்ள குச்சியை (ராடை) உருக்கி இரும்பை இணைக்கும் வகை. 2.5 மில்லிமீட்டர் ராடு (கடையில் 12 கேஜ் என்று கேட்டாலும் தருவார்கள்) 60 முதல் 90 ஆம்பியரில் அழகாக ஓடும். 3.15 ராடு, அதாவது 10 கேஜ், 90 முதல் 130 வரை கேட்கும். கேட்டு, கிரில், ஸ்டாண்டு வேலை முழுவதையும் 2.5 ராடிலேயே முடித்துவிடலாம்.

2. சுவர் பிளக் எவ்வளவு கொடுக்கும்?

பெரும்பாலானோர் இதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவதே இதுதான்.

வீட்டில் இருப்பது 230 வோல்ட், ஒற்றை ஃபேஸ். ஏ.சி, கீஸர் போடும் பெரிய பிளக் 16 ஆம்பியர். டிவி, சார்ஜர் மாட்டும் சிறிய பிளக் 6 ஆம்பியர். சிறியதை மறந்துவிடுங்கள்.

80 ஆம்பியரில் ராடு எரியும்போது அதன் நுனியில் இருப்பது சுமார் 23 வோல்ட். பெருக்கினால் 1,840 வாட். மிஷினுக்குள் சூடாக வீணாவது, பவர் ஃபேக்டர் (வேலைக்கு ஆகாமல் கூடுதலாக இழுக்கும் மின்சாரம்) இரண்டையும் சேர்த்தால் சுவரிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்குக்கு இது சரியாக இருக்கிறது. 120 ஆம்பியரில் ஓட்டினால் இழுப்பு 20ஐத் தாண்டி, எம்.சி.பி (அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். மிஷின் மேல் எழுதியிருக்கும் 200ஐ முழுதாக எடுக்க வேண்டுமென்றால் 40 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். அந்தப் பிளக் நம் வீட்டில் கிடையாது. அதனால்தான் 200க்கும் 250க்கும் நடுவே நீங்கள் படும் குழப்பத்துக்கு வீட்டளவில் அர்த்தமில்லை என்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 15, 20 மீட்டருக்குள். அதைச் சுருளாக வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள், சூடேறி உருகும். முழுதாகப் பிரித்துப் போடுங்கள். மாலையில் வோல்டேஜ் 180க்கு இறங்கும் ஊர் என்றால், குறைந்த வோல்டேஜிலும் ஓடும் மிஷினா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

3. எந்த வகை?

பட்டறைகளில் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு கிடக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் மிஷின் தலைமுறை தாண்டி உழைக்கும். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், வீட்டு மின்சாரத்தையும் திணறடிக்கும். நமக்கு வேண்டாம்.

ஐந்தாறு கிலோ எடையில் தோளில் மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறும் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின்தான் (இதுவும் ராடு மிஷின்தான்) முதல் மிஷினுக்குச் சரி. டி.சி.யில் எரிவதால் ராடு சுலபமாகப் பற்றும். சாதாரணமானவை 5,000 முதல் 9,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன.

கார் பாடிதான் முக்கிய நோக்கம் என்பவர்களுக்குச் சொல்வது இது. 0.8 மில்லிமீட்டர் தகட்டில் ராடு வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் ஓட்டை விழும். அதற்கு மிக் மிஷின், அதாவது ராடுக்குப் பதிலாக மெல்லிய ஒயர் தானாக வந்து உருகும் வகை வேண்டும். 0.8 ஒயர், கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர் என்று செலவு இரண்டு மூன்று மடங்காகும். கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் ஒயர் மிக் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அது அதிகச் சூட்டோடு எரியும், தெறிப்பும் அதிகம். டிங்கரிங் வேலைக்கு அதை நம்பி வாங்கினால் மெல்லிய தகட்டில் மறுபடி ஓட்டையோடுதான் போராட வேண்டியிருக்கும். என் கருத்தில் முதல் வருடம் ராடில் கை பழகட்டும். காரில் 2, 3 மில்லிமீட்டர் பிராக்கெட், ஸ்டாண்டு, லக்கேஜ் கேரியர் போன்றவற்றைச் செய்யுங்கள். பாடி வேலையை டிங்கரிங் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

4. ஸ்டிக்கரைப் படியுங்கள், ஒயரையும் படியுங்கள்

மிஷின் பின்னால் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் 60% என்பதற்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்பியரில் தொடர்ந்து எரிக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். 60 சதவீதத்தில் 100 ஆம்பியருக்குக் குறையாமல் கொடுப்பது வீட்டுக்குத் தாராளம். அந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்தில் எடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வேலை செய்யப் போகிறவருக்கு 20 டிகிரியில் எடுத்த கணக்கு உதவாது. இந்தத் தகடே இல்லாத மிஷினைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, சுவருக்குப் போகும் ஒயரைப் பிடித்துப் பாருங்கள். பெட்டியில் 300 என்று பெரிதாக எழுதியிருக்கும், ஒயர் மிக்ஸிக்குப் போவதைப் போல மெல்லிசாக இருக்கும். அந்த ஒயர் வழியாக 300 ஆம்பியர் வேலைக்கான மின்சாரம் வரவே முடியாது. ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்குப் போகும் கேபிளின் வெட்டுமுனையைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் உள்ளே இருப்பது அலுமினியம். எர்த் கிளாம்ப்பை (வேலை செய்யும் இரும்பில் மாட்டும் கவ்வியை) அமுக்கிப் பாருங்கள், ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். தகரம் போன்ற கிளாம்ப் வந்தால் பேரம் பேசி நல்லதாக மாற்றிக்கொள்ளுங்கள். ராடு பற்றவில்லை என்று புதியவர்கள் மிஷினைக் குறை சொல்லும்போது பாதி நேரம் கோளாறு இந்தக் கிளாம்ப்பில்தான் இருக்கும்.

சர்வீஸ் எந்த ஊரில் என்று கேளுங்கள். உள்ளே இருப்பது மின்னணுப் பலகை. உங்கள் மாவட்டத்திலேயே பார்த்துக் கொடுப்பவர் இருந்தால், அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

5. பணம் முழுவதையும் மிஷினுக்குப் போடாதீர்கள்

12,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன். மிஷினுக்கு 7,000. தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டுக்கு 1,500. தோல் கையுறைக்கும் ஏப்ரனுக்கும் 600. நான்கு அங்குல கிரைண்டிங் மிஷினுக்கு 2,000. மிச்சத்தில் ஒரு பாக்கெட் 6013 ராடு, ஒயர் பிரஷ், கசடு தட்டும் சுத்தி. 6013 எல்லாப் பக்கமும் ஓடும், கசடும் எளிதாக வரும். 7018 உறுதியானது என்று யாராவது சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அந்த ராடைச் சூடான அடுப்பில் காயவைத்துப் பாதுகாக்க வேண்டும்.

ஹெல்மெட்டில் மட்டும் கை சுருக்காதீர்கள். நான் பழகிய முதல் வாரம், நாலு புள்ளிதானே வைக்கிறோம் என்று கண்ணாடி இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்கு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிக் கொட்டித் தேய்த்ததுபோல் எரிந்தது. விடியும்வரை ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வெளிச்சத்தின் வேலை பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும் அதேதான். வேலை செய்யும் இடத்தைத் தார்ப்பாயால் மறைத்துவிடுங்கள்.

6. காரில் கை வைக்கும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை நீங்கள் பத்தவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகவும் எலக்ட்ரானிக் பெட்டிகள் வழியாகவும் சுற்றிக்கொண்டு போகும். தகட்டின் மறுபக்கத்தில் கார்ப்பெட், ஸ்பாஞ்சு, ஒயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நான் கார் பக்கத்தில் ஒரு வாளி மணல் இல்லாமல் ஹோல்டரை எடுப்பதில்லை. பெட்ரோல் டேங்க் பக்கமே போகக் கூடாது. காலி டேங்க் இன்னும் ஆபத்து, உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் எதையும் பழகும் காலத்தில் பத்தவைக்காதீர்கள்.

ஜி.ஐ. பைப் என்றால், பத்தவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வந்து போட்டுவிடும்.

7. வாங்கி வந்த முதல் மாலை

கழிவு இரும்புக் கடையில் 3 மில்லிமீட்டர் பட்டை இரண்டு கிலோ வாங்கி வாருங்கள். துரு போகத் தேய்த்து, 2.5 ராடை 75இல் வைத்து, தீக்குச்சி உரசுவதுபோல் உரசுங்கள். ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம், மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு பக்கமாகத் திருப்பினால் விட்டுவிடும். திரும்பத் திரும்ப ஒட்டினால் ஐந்து ஆம்பியர் ஏற்றுங்கள். பற்றியதும் ராடின் கனத்தை விடக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் பிடித்து மெதுவாக இழுங்கள். எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிவதுபோல் சீராகச் சத்தம் வந்தால் சரி. பட் பட்டென்று வெடித்தால் ராடு தூரமாகப் போய்விட்டது. கண்ணை ஒளியில் வைக்காதீர்கள், அதற்குப் பின்னால் சிவந்து தேங்கும் குழம்பைப் பாருங்கள்.

ஆறியபின் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். கசடு பட்டையாக உரிந்து விழுந்து, அடியில் சின்னச் சின்ன அலைகளாக ஒரே அகலத்தில் கோடு இருந்தால் கை வந்துகொண்டிருக்கிறது. பத்துக் கோடு போட்ட பிறகு இரண்டு பட்டைகளை டி வடிவத்தில் ஒரு பக்கம் மட்டும் பத்தவைத்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். இணைப்பு விடாமல் பட்டை வளைந்தால், மறுநாள் காலை கேட்டுக் கீலைக் கழற்றலாம்.