ஈட்டி எறிதல்: இறுதிச்சுற்றில் தூரத்தைத் தின்னும் தவறுகள்

2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப் ஈட்டி எறிதல் இறுதிச்சுற்றில் அப்போதைய உலக சாம்பியன் நீரஜ் சோப்ரா 84.03 மீட்டரோடு 8ஆம் இடம். ஒலிம்பிக் சாம்பியன் அர்ஷத் நதீம் 82.75 மீட்டரோடு 10ஆம் இடம். தங்கம் வென்ற டிரினிடாட் வீரர் கெஷோர்ன் வால்காட் எறிந்தது 88.16 மீட்டர். இரண்டு ஆண்டுக்கு முன் புடாபெஸ்டில் நீரஜ் தங்கம் வாங்கிய 88.17ஐ விட ஒரு சென்டிமீட்டர் குறைவு.

இப்படி ஏதாவது நடந்தால் உடனே ‘கையில் பழைய வலு இல்லை’ என்று பேச்சு கிளம்பும். அந்த நேரத்தில் நீரஜுக்கு முதுகுத் தொந்தரவு இருந்தது, அது வேறு. ஆனால் பெரிய போட்டிகளில் தூரம் கையில் தொலைவதை விடக் காலில் தொலைவதுதான் அதிகம்.

வலக்கை வீரர் ஓடி வந்து கடைசி அடியில் இடது காலை முன்னே ஊன்றுவார். இதைத்தான் பயிற்சியாளர்கள் ‘பிளாக்’ என்கிறார்கள். முழங்கால் மடங்காமல் கால் விறைப்பாக நிற்க வேண்டும். பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர் முன்னால் பாய்வார் இல்லையா, அதே கதைதான். கீழே கால் நிற்க, ஓடி வந்த வேகம் இடுப்பு, தோள், முழங்கை என்று ஏறி ஈட்டிக்குப் போய்ச் சேரும். முழங்கால் தொய்ந்தால் வேகம் அங்கேயே கரைந்துவிடும். பதற்றத்தில் வழக்கத்தை விட வேகமாக ஓடி வருகிறவர்களுக்கு இதுதான் நேர்கிறது. தாங்க முடியாத வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

ஊன்றும் கால் வழுக்கினால் இன்னும் மோசம். ஜெர்மனியின் யோஹனஸ் வெட்டர் 2020இல் 97.76 மீட்டர் எறிந்தவர். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் அவருடைய கால் தளத்தில் பிடிக்கவில்லை, ஒரு வாய்ப்பில் விழுந்தே விட்டார். 82.52 மீட்டர், 9ஆம் இடம். அந்தப் போட்டியில் முதல் 8 பேருக்கு மட்டுமே மேலும் மூன்று வாய்ப்பு என்பதால் மூன்று எறிதலோடு வீடு திரும்பினார். புதுத் தளத்தில் ஷூவின் ஆணி எப்படிப் பிடிக்கிறது என்று வார்ம்-அப்பிலேயே முழு வேகத்தில் ஊன்றிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து கோடு. ஈட்டி கையை விட்டுப் போன இடத்திலிருந்து தூரம் அளப்பதில்லை, ஓடுபாதையின் முடிவில் உள்ள வளைகோட்டின் உள்விளிம்பிலிருந்துதான் அளக்கிறார்கள். கோட்டைத் தாண்டி ஃபவுல், அதாவது செல்லாத எறிதல், ஆகிவிடுமோ என்று பயந்து இரண்டு மீட்டர் பின்னாலேயே நின்று எறிந்தால் அந்த இரண்டு மீட்டர் சும்மா போச்சு. 2025 டோக்கியோவில் இந்தியாவின் சச்சின் யாதவ் 86.27 எறிந்து 40 சென்டிமீட்டரில் வெண்கலத்தைத் தவறவிட்டார், அதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒட்டிப் போனால் சிவப்புக் கொடி. எறிந்த கையோடு முன்னால் பாய்ந்து விழுகிற நீரஜ் போன்றவர்களுக்குக் கூடுதல் இடம் வேண்டும். 2024 பாரிஸில் அவருடைய 6 எறிதலில் 5 ஃபவுல், செல்லுபடியான ஒன்றே 89.45 மீட்டராகி வெள்ளி தந்தது. அந்த ஒன்று இல்லாவிட்டால்? எறிதல் சரியில்லை என்றால் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி அதை ஃபவுல் ஆக்குவதும் உண்டு. கையில் நல்ல தூரம் இருக்கும்போது மட்டும் அது சரி.

ஈட்டியை உயரே அனுப்பினால் தூரம் போகும் என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 1984இல் 104.80 மீட்டர் எறிந்தார். ஈட்டி இப்படிப் பறந்தால் மைதானம் போதாதென்று 1986 முதல் ஆண்கள் ஈட்டியின் எடைமையத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது மூக்கைத் தூக்கி எறிந்தால் காற்று தடுத்து, சீக்கிரமே தலைகுப்புற இறங்கிவிடும். எதிர்காற்றில் இன்னும் தாழ்வாகவே விட வேண்டும்.

‘கடைசி வாய்ப்பில் பார்த்துக்கொள்வோம்’ என்பது ஆபத்தான கணக்கு. 2025 டோக்கியோவில் மூன்றாவது சுற்றுக்குப் பின் 10 பேர், நான்காவதுக்குப் பின் 8 பேர், ஐந்தாவதுக்குப் பின் 6 பேர் என்று வடிகட்டினார்கள். நீரஜுக்கு ஆறாவது வாய்ப்பே வரவில்லை. தகுதிச்சுற்றில் மட்டும் முதல் எறிதலிலேயே 84.85 மீட்டர் எறிந்து வேலையை முடித்திருந்தார்.

90 மீட்டர் மோகமும் தேவையில்லை. 2021 முதல் 2025 வரை ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் என ஐந்து தங்கங்களில் மூன்று 90ஐத் தொடாமலே வந்தவை.

அப்புறம் சில்லறை விதிகள். விரல்களைச் சேர்த்து டேப் சுற்றக்கூடாது. ஈட்டியின் முனைதான் முதலில் தரையைத் தொட வேண்டும். அது விழும் முன் ஓடுபாதையை விட்டு இறங்கினால் எறிதல் செல்லாது, எத்தனை மீட்டர் போயிருந்தாலும்.