ஃபண்ட் மேனேஜருக்கு மார்க் போடுவது எப்படி?

வங்கியில் வாங்கிய யூனிட் டிரஸ்ட் (பலருடைய பணத்தைச் சேர்த்து ஃபண்ட் மேனேஜர் முதலீடு செய்யும் ஃபண்ட்), பங்குகளை வைத்திருக்கும் சிடிபி கணக்கில் கொஞ்சம் டிபிஎஸ் வங்கிப் பங்கு, மத்திய சேமநிதிப் பணத்தில் போட்ட இன்னொரு ஃபண்ட், ஏதோ ஒரு செயலியில் மாதாமாதம் 200 வெள்ளி. சிங்கப்பூரில் பலருடைய முதலீடு இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் ஏற்றுங்கள். பெயர், இன்றைய மதிப்பு, எந்த நாடு, பங்கா கடன் பத்திரமா என்ற விவரங்கள் போதும். ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் குறியீட்டு ஈடிஎஃப் (சிங்கப்பூர்ப் பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) வைத்திருப்பவர் தனியாக டிபிஎஸ் பங்கும் வாங்கியிருந்தால், ஒரே வங்கியில் இரண்டு தடவை பணம் போட்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். அந்தக் குறியீட்டில் 30 நிறுவனங்கள் இருந்தாலும் உள்ளூர் வங்கிகள் மூன்றுக்கும்தான் எடை அதிகம்.

அடுத்து, பங்குக்கு எவ்வளவு, பத்திரத்துக்கு எவ்வளவு என்று ஒரு விகிதம் குறித்துக்கொள்ளுங்கள். 60:40 என்று வைத்தது 70:30 ஆகிவிட்டதா? அவசரப்பட்டு விற்க வேண்டாம், புதிதாகப் போடும் பணத்தைப் பத்திரப் பக்கம் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, இப்போது மேனேஜர். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஓர் உதாரணம். ஜனவரியில் 10,000 வெள்ளி போடுகிறீர்கள். ஜூனுக்குள் ஃபண்ட் 20% ஏறி 12,000 ஆகிறது. உற்சாகத்தில் இன்னொரு 12,000 போடுகிறீர்கள். ஆண்டு முடிவதற்குள் 10% இறங்கி, 24,000 என்பது 21,600 ஆகிறது. போட்டது 22,000, ஆக உங்களுக்கு 400 வெள்ளி நட்டம். ஆனால் மேனேஜரின் கணக்கு 1.20 × 0.90 = 1.08, அதாவது 8% லாபம். இரண்டு கணக்கும் சரிதான். எப்போது பணம் போட்டீர்கள் என்பதற்கு அவர் பொறுப்பில்லை. அவருக்கு மார்க் போட அந்த 8%-ஐத்தான் எடுக்க வேண்டும்.

அந்த 8% நல்லதா என்று தெரிய ஒப்பீட்டுக் குறியீடு, அதாவது ஃபண்ட் முதலீடு செய்யும் சந்தை எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று காட்டும் அளவுகோல் வேண்டும். ஃபண்டின் மாதாந்தரத் தகவல் தாளிலேயே அது இருக்கும். குறியீடு அதே ஆண்டில் 11% ஏறியிருந்தால் மேனேஜர் பின்தங்கிவிட்டார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஈவுத்தொகையைச் சேர்த்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். சேர்க்காததோடு ஒப்பிட்டால் யாரும் கெட்டிக்காரராகத் தெரிவார். ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவெடுப்பதும் தப்பு. குறைந்தது ஐந்தாண்டு பாருங்கள், சந்தை விழுந்த ஆண்டில் குறியீட்டைவிடக் கூடுதலாக விழுந்ததா என்றும் பாருங்கள்.

கட்டணத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 6% வளரும் 10,000 வெள்ளி, 0.3% கட்டணத்தில் 20 ஆண்டுகளில் சுமார் 30,300 ஆகும். 1.5% கட்டணத்தில் சுமார் 24,100-தான். தகவல் தாளில் வரும் வருமானம் பொதுவாக ஆண்டுக் கட்டணம் கழித்தது, அதை மறுபடி கழிக்க வேண்டாம். வாங்கும்போது கட்டும் விற்பனைக் கட்டணமும் செயலி வாங்கும் கட்டணமும் அதில் சேராது. சேமநிதி முதலீட்டுத் திட்டத்தில் விற்பனைக் கட்டணம் 2020 அக்டோபரிலிருந்து கிடையாது. ஆனால் சேமநிதியின் சாதாரணக் கணக்கில் சும்மா இருந்தாலே 2.5% வட்டி வரும். அதைத் தாண்டாத ஃபண்டுக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக, இப்போதைய மேனேஜர் எந்த ஆண்டு வந்தார் என்று பாருங்கள். போன வருடம் சேர்ந்தவர் என்றால், பத்தாண்டுச் சாதனை வேறொருவருடையது.