களிம்பு பிடித்த செப்புக்காசை வாசிப்பது எப்படி?

"அண்ணா, பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர் ஒண்டு வாங்கப் போறன். கோட்டைப் பக்கம் ஒருக்கா பாப்பமா?" என்று பக்கத்துத் தெருத் தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்கள். அவற்றைத் தேடி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண்ணைத் தோண்டுவது குற்றம். கடற்கரை என்றாலும் அந்தக் கருவிக்குச் சிரமம்தான். அது நிலத்துக்குள் காந்தப்புலத்தை அனுப்பி, உலோகத்தில் எழும் மின்னோட்டத்தைக் கேட்கும். உப்புத் தண்ணீரும் புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு இல்மனைட் மணலும் அதைக் குழப்பி, ஒன்றுமில்லாத இடத்திலும் கத்த வைக்கும்.

ஆனால் காசு தேட வீட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. அம்மம்மாவின் தகரப்பெட்டி, சாமியறை உண்டியல், பழைய அலுமாரியின் அடித்தட்டு ஆகியவற்றைப் பாருங்கள். எங்கள் ஊரான திருகோணமலையில் செப்புக்காசு இல்லாத பழைய வீடு குறைவு.

முதல் வேலை: தேய்க்காதீர்கள்

பள்ளிக்கூடக் காலத்தில் அம்மம்மாவிடமிருந்து தடித்த காசு ஒன்று கிடைத்தது. குத்துவிளக்கு விளக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. சின்னத்துக்கு மேலே இருந்த ஓர் எழுத்து மட்டும் மழுங்கிப் போய்விட்டது. அது காசு அடித்த ஊரைச் சொல்லும் எழுத்து என்று பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் காசு எந்த ஊரில் பிறந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புளி, எலுமிச்சை, வினாகிரி, பிராசோ எதுவும் வேண்டாம். களிம்புதான் காசின் தோல், எழுத்து அதற்குள்தான் இருக்கிறது.

மண்ணை எடுப்பது

பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணீரை வாங்குங்கள் (அமிலத்தை அல்ல, வெறும் தண்ணீரை). ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறவிட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மண் இளகினதும் ஈர்க்கில் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். ஊசி, கத்தி கூடாது. பிறகு பருத்தித் துணியில் ஒற்றி, நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள்.

வாசிப்பது

இருட்டறையில் போன் வெளிச்சத்தை மேலே இருந்து அடிக்காமல், மேசையோடு மேசையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். காசை மெதுவாகச் சுற்றுங்கள். தேய்ந்துபோன கோடுகளுக்கு நிழல் விழும். கண்ணுக்குப் படாத எழுத்தும் எழும்பி வரும். அடிமட்டம் ஒன்றை அருகில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். நகைக்கடைத் தராசில் நிறையும் பாருங்கள்.

பெரிய ஆங்கில எழுத்து 'வீ' (V) ஒன்று, அதன் இரண்டு கைகளிலும் 'ஓ' (O), 'சீ' (C) கோர்த்திருந்தால் அது ஒல்லாந்த (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம். மறுபக்கத்தில் கேடயம் இருந்தால், ஒல்லாந்தில் அடித்து இங்கே வந்த 'டொய்ட்'. ஏறக்குறைய 3 கிராம் நிறை இருக்கும். நாம் சொல்லும் 'துட்டு' அதிலிருந்து வந்த சொல்தான்.

கேடயம் இல்லாமல், தடித்து, ஒழுங்கற்ற வட்டமாக இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கம்பனி இங்கேயே 'ஸ்டைவர்' காசு அடித்தது. சின்னத்தின் மேலே 'சீ' (C) எழுத்து இருந்தால் கொழும்பு, 'ஜீ' (G) இருந்தால் காலி, 'ஐ' (I) இருந்தால் யாழ்ப்பாணம். மேலே ஒரு குறுக்குக்கோடும், அதன் நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடும் தெரிந்தால், அது 'டீ' (T). அதாவது திருகோணமலை. நம் ஊர்க் காசு! இப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்த நாளில் எனக்கு ராத்திரி நித்திரை வரவில்லை.

மற்றவற்றை அடையாளம் காண்பது எளிது. படுத்திருக்கும் நந்தியும் கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருந்தால், யாழ்ப்பாண அரசர் காசு. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதனோடு நாகரி எழுத்து என்றால், சோழர் காசாகவோ அதைப் பின்பற்றிப் பொலன்னறுவை அரசர்கள் அடித்ததாகவோ இருக்கும். யானை இருந்து 1815 என்று போட்டிருந்தால், ஆங்கிலேயரின் ஸ்டைவர். விக்டோரியா ராணியின் தலையும், மறுபக்கம் ஒரு மரமும், தமிழும் சிங்களமும் 1870ஆம் ஆண்டும் இருந்தால், அது முதல் சதக் காசு வரிசை. இதுதான் வீடுகளில் அதிகம் அகப்படுவது.

வைப்பது

நம் ஊரின் பெரிய எதிரி உப்புக்காற்று, அதிலும் மாரிகாலம். வெளிர்பச்சைப் பொடி துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தால், காசுக்குள் உப்பு இருக்கிறது. மறுபடி வடிதண்ணீரில் ஊறவிட்டு, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது காசில் பச்சைப் பிசினாகப் படியும். காகித உறையே போதும்.

வேலியடைக்கக் கிடங்கு வெட்டும்போது தற்செயலாகக் காசு கிடைத்தால், மேலும் வெட்டாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸிலோ தொல்பொருள் திணைக்களத்திலோ சொல்லுங்கள்.

உறையின் மேல் பென்சிலால் நிறை, விட்டம், யாரிடமிருந்து, எந்த நாளில் வந்தது என்று எழுதுங்கள். நான் புளி போட்ட காசின் உறையில் இப்படி இருக்கிறது: "ஒல்லாந்தர் ஸ்டைவர். அம்மம்மா தந்தது. ஊர் எழுத்து அழிந்துவிட்டது, தேய்த்தவன் நான்."